செவிலித்தாயின் கூலி

“தியாகம் செய்தவர்களிடம் போய்ச் சம்பளக் கணக்குப் பேசுவது அவர்களை இழிவுபடுத்துவதாகும்!”

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் காஞ்சி நகரில் நடந்த ஒரு பாராட்டுக் கூட்டத்தில் அன்பர் ஒருவர் இவ்வாறு முழங்கினார். கையொலி அடங்க நெடுநேரமாயிற்று. கொரோனாக் கொடுநோய்க் காலத்தில் பணியாற்றியமைக்காகப் பொன்னாடை போர்த்தப்பெற்று மேடையில் அமர்ந்திருந்த செவிலியர் ஐவரில் நால்வர் புன்முறுவல் பூத்தனர். ஐந்தாமவள் தலை நிமிரவில்லை. அவள் என் மாணவி. பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அலிஃப், பே ஓதிய பிள்ளை. அக்கூட்டத்திற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், 2022 டிசம்பர் 31ஆம் நாளோடு, அவளுடைய அரசுப் பணி முடிவுற்றிருந்தது. முழங்கிய அன்பர் அதை அறியார். அறிந்திருந்தால் முழக்கம் மாறியிருக்கும் என்று நம்புவதற்கும் எனக்குக் காரணமில்லை.

கூட்டம் கலைந்தபின் அவள் அருகே வந்து ஸலாம் உரைத்தாள். “ஹஜ்ரத், இந்தப் பொன்னாடையை எந்தக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்?” என்று கேட்டாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே மாதத்தில் வேறொரு பெரியவர் தேநீர்க் கடை வாசலில் இதற்கு நேர்மாறாக ஒன்று சொன்னார்: “சம்பளம் வாங்கினார்கள், வேலை பார்த்தார்கள். இதில் சேவை எங்கே வந்தது?” முன்னவர் செவிலியரை மலக்குகளாக்கினார். பின்னவர் வெறுங்கூலிகளாக்கினார். இருவரும் ஒருவரையொருவர் மறுப்பதாக எண்ணிக்கொள்வர். என் பார்வையில் இருவரும் செய்வது ஒரே பிழை. அன்பு உள்ள இடத்தில் கூலி இருக்கலாகாது, கூலி உள்ள இடத்தில் அன்பு இருக்க முடியாது என்பதே அப்பிழை. இது நம் மார்க்கத்திற்கும் ஒவ்வாது. நாம் பேசும் தமிழுக்கும் ஒவ்வாது. அதைச் சொல்லவே எழுதுகோலை எடுத்தேன்.

அந்நாட்களை நாம் மறந்து வருகிறோம். தமிழ்நாட்டில் முதன்முதலாக இந்நோய் உறுதி செய்யப்பெற்றவர் எங்கள் காஞ்சிபுரத்துக்காரர். ஓமான் நாட்டிலிருந்து திரும்பியவர். 2020 மார்ச் 7ஆம் நாள் அச்செய்தி வந்தது. சென்னை இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வைத்து அவரைக் குணமாக்கி அனுப்பினர். அம்மாத இறுதிக்குள் நாடெங்கும் ஊரடங்கு. பிள்ளையார்பாளையத்தில் வாழ்பவனுக்குத் தறியோசை தன் மூச்சொலியைப் போன்றது. கேட்டுக்கொண்டிருக்கும் வரை கேட்பது தெரியாது. அந்த ஓசை நின்றபோதுதான் ஊர் எவ்வளவு அச்சத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. பட்டு நூல் வரவில்லை, ஜரிகை வரவில்லை, சேலை எடுக்க வருவாரும் இல்லை. பள்ளிவாசல்களில் ஜமாஅத் தொழுகை இல்லை. கோயில்களிலும் பக்தர்க்கு வழியில்லை. அவரவர் கதவை அவரவர் தாழிட்டுக்கொண்ட அவ்வேளையில், கதவைத் திறந்துகொண்டு நோயை நோக்கிப் போனவர்கள் சிலர் இருந்தனர். ஏன் போனார்கள்?

இக்கேள்வியை நான் என் மாணவியிடமே கேட்டேன். மேடையில் பேசியவர்கள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

அவள் சொன்னவற்றை அவள் சொன்ன வரிசையிலேயே தருகிறேன். முதல் வாரம் அச்சந்தான். பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டால் ஆறு மணி நேரம் தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை. கண்ணாடி வியர்வையில் மங்கிவிடும். இரட்டைக் கையுறைக்குள் இருக்கும் விரலுக்கு ஊசி ஏற்ற வேண்டிய நரம்பு எளிதில் தட்டுப்படாது. “பிறகு ஏன் அம்மா மறுநாளும் போனாய்?” என்றேன். “நான் போகாவிட்டால் உள்ளே இருப்பவள் அந்த உடையைக் கழற்ற முடியாதே, ஹஜ்ரத்” என்றாள். அடுத்து ஒரு மூதாட்டியைப் பற்றிச் சொன்னாள். பிள்ளைகள் உள்ளே வர அனுமதியில்லை. எல்லாச் செவிலியரும் ஒன்றுபோல வெள்ளைக் கூட்டுக்குள் இருப்பதால் முகமும் தெரியாது. அம்மூதாட்டி இவளைக் குரலைக் கொண்டே இனங்கண்டு, இவள் ஊட்டினாலன்றிக் கஞ்சி குடிக்க மறுத்துவிட்டாராம். இதைச் சொல்லிவிட்டு அதே மூச்சில், “அத்தா வேலை பார்த்த சேலைக் கடையும் பூட்டிக் கிடந்தது. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரே பணம் என்னுடைய 14,000 ரூபாய்தான்” என்றாள்.

மூன்றையும் அவள் தரம் பிரிக்கவில்லை. முன்னிரண்டையும் சொல்லும்போது குரல் உயரவுமில்லை, மூன்றாவதைச் சொல்லும்போது தாழவுமில்லை.

என் அண்டை வீட்டார் நெசவாளர். காஞ்சிப் பட்டில் கோர்வைச் சேலை என்பது உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்யப்படுவது என்பதை வாசகர் அறிவர். அதற்குத் தறியில் நெய்பவர் ஒருவர் போதார். கரைக்குரிய நாடாவைத் தள்ளிவிட மறுபக்கம் இன்னொருவர் இருந்தாக வேண்டும். அவர் எழுந்து போனால் இவர் கையும் நின்றுவிடும். அந்த உதவியாள் கலையார்வத்தால் உட்கார்ந்திருக்கிறாரா, கூலிக்காகவா, நெய்பவர்பால் கொண்ட பற்றினாலா என்று எவரேனும் விசாரித்ததுண்டா? பாவு ஏற்றியாயிற்று, சேலை பாதியில் நிற்கிறது, எதிரே ஒருவர் காத்திருக்கிறார், வீட்டில் அரிசி வாங்க வேண்டும். இத்தனையும் சேர்ந்துதான் ஒருவரைத் தறியடியில் இருத்துகின்றன. நெசவாளரைக் ‘கலைஞர்’ என்று உயர்த்திப் பேசிவிட்டுக் கூலியைத் தாழ்த்திப் பேசும் சாதுரியத்தை எங்கள் ஊர் நெடுநாளாக அறியும். ஆதலால்தான் ‘தியாகி’ என்ற சொல் மேடையில் எழுந்தபோது என் காது கூசியது.

‘நர்ஸ்’ என்பதற்கு நாம் இன்று வழங்கும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். சங்க அகப்பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய், தோழியைப் பெற்றவள். தான் பெறாத பிள்ளைக்காகப் பெற்றவளைப் போல் நெஞ்சு பதைப்பவள். நோயாளரைப் பேணும் தொழிலுக்கு அப்பெயரைச் சூட்டியவர்கள் யாராயினும் நல்ல தமிழறிந்தவர்கள். செவிலித்தாய் என்றதும் ஒரு முஸ்லிமின் உள்ளத்தில் எழும் பெயர் ஒன்றுதான்: ஹலீமா ஸஅதிய்யா அம்மையார். உமறுப்புலவர் தம் சீறாப்புராணத்தில் அவர்கள் பாலூட்டிய சிறப்பைப் பாட ஒரு படலத்தையே ஒதுக்கினார்.

அந்த அம்மையார் மக்காவுக்கு வந்தது எதற்காக? வறட்சி மிகுந்த ஓர் ஆண்டில், பனூ ஸஅது குலத்துப் பெண்களோடு, பாலூட்டிக் கூலி பெறவே வந்தார்கள். தந்தையில்லாக் குழந்தையைப் பெற்றுக்கொள்ளப் பிற பெண்கள் தயங்கினர். தந்தை இருந்தால்தானே கைநிறையக் கொடுப்பார் என்பது அவர்கள் கணக்கு. ஹலீமா அம்மையாரும் முதலில் தயங்கி, வேறு குழந்தை கிட்டாமையால், வெறுங்கையோடு ஊர் திரும்ப மனமின்றியே அக்குழந்தையை எடுத்துக்கொண்டார்கள் என்பதை இப்னு இஸ்ஹாக் மறைக்காமல் எழுதி வைத்தார். எத்தனை மௌலிது மஜ்லிஸ்களில் இவ்வரலாற்றைக் கேட்டிருக்கிறோம்! ‘கூலிக்கு வந்தவர்தானே’ என்று எவரேனும் முகஞ்சுளித்ததுண்டா? கூலிக்கு வந்த அதே கைகள்தாம் அணைத்தன. பால்குடி மறந்தபின் தாயாரிடம் கொண்டுவந்து சேர்த்தவர்கள், பிரிய மனமின்றி மீண்டும் மன்றாடிக் கேட்டு அக்குழந்தையை அழைத்துச் சென்றார்கள். அன்பு வந்தது, கூலி அதற்கு இடையூறாக நிற்கவில்லை.

பின்னாளில் தமக்குப் பாலூட்டிய அன்னை வந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் தம் மேலாடையை விரித்து அமரச் செய்ததாக ஒரு செய்தி அபூதாவூதில் உண்டு. நம் பேச்சாளர்கள் இதைச் சொல்லத் தவறுவதில்லை. பொன்னாடை போர்த்தும் வழக்கத்துக்கு இது வசதியான சான்று. இப்னு ஸஅது தரும் இன்னொரு செய்தி அவ்வளவாக மேடை ஏறுவதில்லை. ஹலீமா அம்மையார் வறட்சியின் கொடுமையைச் சொல்லி வந்து நின்றபோது, நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணைவியார் கதீஜா (ரலி) அவர்களிடம் எடுத்துரைக்க, அவர்கள் 40 ஆடுகளும் ஓர் ஒட்டகமும் கொடுத்தனுப்பினார்கள். மேலாடையோடு ஆடுகளும் இருந்தன.

திருமறையின் 65ஆம் அத்தியாயம், 6ஆம் வசனம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. மணவிலக்குப் பெற்ற தாய், தான் பெற்ற பிள்ளைக்கே பாலூட்டினாலும், பிள்ளையின் தந்தை அவளுக்குரிய கூலியைக் கொடுத்தாக வேண்டும் என்று அது விதிக்கிறது. கைம்மாறு கருதாத அன்பு என்று உலகில் ஒன்று இருக்குமானால் அது தாய்ப்பால் அன்றோ? அதற்கே கூலி விதிக்கப்பட்டது. ‘உன் பிள்ளைதானே, அன்பினால் ஊட்டு’ என்று சொல்லி அத்தந்தை தப்ப முடியாது. அன்பு அவளுடையது, கடமை இவனுடையது. அவ்விடத்தில் இறைவன் ஆளும் சொல் ‘உஜூர்’, அதாவது ‘அஜ்ரு’ என்பதன் பன்மை. மறுமையில் நல்லோர்க்கு வாக்களிக்கப்பட்டதும் அஜ்ருதான். அன்றாடம் வேலைக்காரருக்குக் கொடுப்பது உஜ்ரத். ஸர்ஃபுப் பாடத்தில் முதல் ஆண்டு இருக்கும் சிறுவனைக் கேட்டாலும் இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பான். தமிழிலும் நாம் முன்னதை ‘நற்கூலி’ என்றே பெயர்க்கிறோம்.

மேடை அன்பர் செய்தது என்ன? கொள்ளைநோயில் இறப்போர்க்கு ஷஹீதின் பதவி உண்டு என்னும் நபிமொழியையும் அன்று எடுத்துரைத்தார். உண்மைதான், அது இறைவன் தன் அடியார்க்குத் தருவது. அல்லாஹ்வின் கருவூலத்திலிருந்து அஜ்ரை அள்ளி அள்ளி வழங்கிவிட்டு, நம் வசம் உள்ள உஜ்ரத்துப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள நமக்கு யார் உரிமை தந்தது?

போர்க்களத்தில் காயமுற்றோர்க்கு மருந்திட்ட பெண்கள் நாயகம் (ஸல்) காலத்தில் ஏதேனும் பெற்றனரா என்ற வினாவுக்கு இப்னு அப்பாஸ் (ரலி) எழுதிய விடை முஸ்லிம் நூலில் இருக்கிறது. போரில் கிடைத்த பொருளிலிருந்து அவர்களுக்கு வழங்கப்பட்டது என்பது அவ்விடை. வீரர்க்குரிய முழுப்பங்கு அன்று, அன்பளிப்பாகவே வழங்கப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வாதத்திற்கு இன்னும் வலுவாக இருந்திருக்கலாமே என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆயினும், ‘நீங்கள் இறைவனுக்காகச் செய்தீர்கள், ஆதலால் உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று அவர்கள் வெறுங்கையோடு அனுப்பப்படவில்லை.

வள்ளுவரும் இவ்வாறே தெளிந்தவர். மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கையில் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பேணுவோனையும் ஒரு கூறாக வைத்தார். அவனுக்கு வேண்டிய குணங்களைப் பரிமேலழகர் விரிக்கும்போது நோயாளியிடத்து அன்பைச் சொல்கிறார். அத்தோடு நிறுத்தாமல் தூய்மை, செயல்வன்மை, அறிவு என்று அடுக்குகிறார். இவை தொழிலறிந்தவனுக்குரிய இலக்கணங்கள். தொழிலுக்கு ஊதியம் உண்டு.

இனி, நாடு அவர்களுக்குச் செய்ததைப் பார்ப்போம். நைட்டிங்கேல் அம்மையார் பிறந்து 200 ஆண்டு நிறைவதையொட்டி 2020ஐச் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் ஆண்டாக உலக சுகாதார நிறுவனம் முன்னதாகவே அறிவித்திருந்தது. மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடே கைதட்டியது. ஏப்ரல் 19 இரவு சென்னையில், நோயால் மறைந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் அவர்களின் உடலை அடக்கம் செய்யச் சென்ற ஆம்புலன்ஸ் மீது கல்லும் தடியும் வீசப்பட்டன. மே 3ஆம் நாள் ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகளின் மேல் மலர் தூவின. ஆறு வாரத்திற்குள் கைதட்டல், கல், மலர்! இதற்கிடையே வாடகை அறைகளைக் காலி செய்யும்படி செவிலியரை நெருக்கிய வீட்டுக்காரர்களும் உண்டு. அவர்களும் அன்று 5 மணிக்குக் கைதட்டியவர்களாகவே இருக்கக்கூடும்.

தமிழ்நாட்டு அரசு 2021 மே மாதத்தில், ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலத்திற்குச் செவிலியர்க்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. நன்றி மறத்தல் தகாது. அதைச் சொல்லியே தீர வேண்டும். ஆனால் கொடுநோய்க்காகத் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்களில் 2,400 பேருக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31ஓடு முடித்துவைக்கப்பட்டது. 2023 ஜனவரியில் அவர்கள் தெருவில் அமர்ந்தனர். மாவட்ட அளவில் 18,000 ரூபாய் ஊதியத்தில் மீண்டும் தற்காலிகப் பணியே தருவதாகச் சொல்லப்பட்டது. தொடக்கத்திலேயே ஒப்பந்தம் தற்காலிகமானதுதான் என்ற நியாயத்தை நான் அறியாதவனல்லன். நோயும் தற்காலிகமானதுதான், அதற்காக அந்த ஆறு மணி நேர உடைக்குள் அரைகுறையாக எவரும் வேலை பார்க்கவில்லை.

இது புதிய கதையுமன்று. 2015இல் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டு, ஈராண்டில் நிரந்தரமாவோம் என்று காத்திருந்த செவிலியர் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டபோது, ‘நோயாளிகளைக் கைவிட்டு வந்துவிட்டார்களே, இவர்களா தெய்வங்கள்?’ என்று கேட்டோர் பலர். தெய்வமென்றும் வானவரென்றும் அழைப்பதில் உள்ள அபாயம் இதுதான். இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் இல்லத்திற்கு விருந்தாக வந்த மலக்குகள், முன்வைக்கப்பட்ட கன்றிறைச்சியைத் தொடவில்லை. மலக்குகளுக்கு வயிறில்லை. செவிலியர்க்கு உண்டு, அவர்களை நம்பியிருக்கும் வயிறுகளும் உண்டு.

அண்டைக் கேரளத்தில் 2018இல் நிப்பா நோய் வந்தபோது, பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நோயாளியைப் பேணி, அந்நோயையே பெற்று, மே 21ஆம் நாள் உயிர் நீத்த லினி என்னும் செவிலியை நாடு அறியும். இரு சிறு பிள்ளைகளின் தாய். கணவர் வளைகுடாவில் இருந்தவர். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி தனிமை அறையிலிருந்து கணவருக்கு அவர் எழுதிய சிறு கடிதத்தைப் படித்து அழாதார் இல்லை. அவரும் நிரந்தரப் பணியில் இருந்தவரல்லர் என்பதை அழுதவர்களில் எத்தனை பேர் கவனித்தனர்?

அரசை நோக்கி விரல் நீட்டுவது எளிது. நம் வீட்டுக் கூடத்திற்கு வருவோம்.

2020 ஏப்ரலில், தில்லி நிஜாமுத்தீன் மாநாட்டைக் காட்டி நம் சமுதாயத்தையே நோய் பரப்புவோர் என்று தூற்றிய நாட்களில், தனிமை வார்டுகளில் நம்மவர்க்கு மருந்தும் கஞ்சியும் கொடுத்தவர்கள் யார்? நெற்றியில் குங்குமமிட்ட பெண்கள். கழுத்தில் சிலுவை அணிந்த பெண்கள். அவர்களிடையே நம் பெண்களும் இருந்தனர், அங்கொருவர் இங்கொருவராக. நம் இளைஞர்கள் சாதி சமயம் பாராமல், பெற்ற பிள்ளைகளும் நெருங்கத் தயங்கிய உடல்களைச் சுமந்து நல்லடக்கம் செய்தனர். அப்பெருமை அவர்களுக்கு உரியது. இறந்தோரை அடக்க மகனை அனுப்பும் சமுதாயம், உயிரோடு கிடப்போரைப் பேண மகளை அனுப்பத் தயங்குவதேன்?

மருத்துவக் கல்வி பர்ளு கிஃபாயா என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. ஊரில் சிலரேனும் கற்காவிட்டால் ஊரே குற்றத்திற்குள்ளாகும். எத்தனையோ ஊர்களில் மருத்துவர் எல்லாம் பிற சமயத்தவராகவே இருக்க, நம்மவர் அனைவரும் சட்டத் தர்க்கத்திற்கே முண்டியடிக்கின்றனரே என்று இஹ்யாவில் அவர்கள் நொந்துகொண்டார்கள். அவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 505இல். நான் ஓதிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் இருக்கும் அதே வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இலேயே செவிலியர் பள்ளியைத் தொடங்கிவிட்டார். நூறாண்டுக்கும் மேலாக அந்த வாசல் நமக்கு அடுத்த தெருவில் திறந்தே இருந்தது. அப்பக்கம் நோயாளியாகப் போனோம். மாணவியாகப் போனவர் எத்தனை பேர்?

‘அந்நிய ஆடவரைத் தொட வேண்டியிருக்குமே, இரவில் வேலையாயிற்றே’ என்பர். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மருத்துவம் நடந்த கூடாரம் எங்கே அடிக்கப்பட்டது? நபிகளாரின் பள்ளிவாசலில். அதில் பணியாற்றியவர் ருஃபைதா என்னும் அன்ஸாரிப் பெண்மணி. ஏழு போர்களுக்கு உடன் சென்று காயமுற்றோரையும் நோயுற்றோரையும் கவனித்ததாக உம்மு அத்திய்யா (ரலி) அவர்களே கூறியிருக்கிறார்கள். இச்செய்திகளை நான் மாணவர்க்கு ஓதிக்கொடுக்கிறேன். கேட்டுத் தலையசைக்கும் பெற்றோரே, மறுநாள் மகளின் விண்ணப்பப் படிவத்தைக் கிழித்துப் போடுகின்றனர்.

என் மாணவிக்கு ஒரு வரன் வந்தது. குடும்பம், குணம், மார்க்கப் பற்று எல்லாம் பிடித்துப்போயின. இரவுப் பணி என்றதும் பேச்சு நின்றது. வந்தவர்கள், அன்று அந்த மேடையில் அமர்ந்திருந்த ஒருவரின் நெருங்கிய உறவினர். நான் தூது போனேன். “பிள்ளை தங்கமானவள், ஹஜ்ரத், ஆனாலும் நர்ஸ் வேலையாயிற்றே” என்றார்கள். திரும்பி வரும் வழியில், தங்கமானவள் என்பதை அவர்கள் எதைக் கொண்டு அறிந்தார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கொரோனாக் காலத்தில் அவள் பணியிலிருந்து ஓடவில்லை என்பதைக் கொண்டுதானே!

அவள் இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் இருக்கிறாள். நான் இஷாத் தொழுகைக்குப் போகும் வேளையில் அவளுடைய அத்தா அவளை ஸ்கூட்டரில் பின்னால் வைத்துக்கொண்டு போவார். நிறுத்தி ஸலாம் சொல்வார்கள்.

பாராட்டுக் கூட்டம் நடத்திய அன்பர்களுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். அடுத்த ஆண்டு மேடைக்கும் பந்தலுக்கும் பொன்னாடைக்கும் ஆகும் தொகையைக் கொண்டு, நம் ஊர்ப் பெண் ஒருத்திக்குச் செவிலியர் படிப்புக் கட்டணம் கட்ட இயலுமா என்று கேட்டிருந்தேன். கலந்து ஆலோசிப்பதாக விடை வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அடுத்த கூட்டத்திற்கான அழைப்பிதழ் மட்டும் வந்தது. பொன்னாடை பெறுவோர் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. அன்றைக்கு அவளுக்கு இரவுப் பணி, போகவில்லை.